மணலியில் ஓடிய திரையில்லாப் படம்

வருங்காலத் திரைப்பட வாரியம் என்று ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 'இனி சினிமாவுக்குத் திரை தேவைப்படாது. ஜனங்கள் மூக்காலேயே படம் பார்ப்பார்கள்' என்று அந்தக் காலத்தில் ஒரு நிபுணர் குழு சொல்லிவிட்டுப் போனது. அப்படிப்பட்ட வருங்காலத்தை வரவேற்கத்தான் வாரியம். வருங்காலம் வரவில்லை, சம்பளம் மட்டும் தவறாமல் வந்தது.

மணலி செங்கொடிக்கு இதெல்லாம் தெரியாது. மகள் மலருக்கு இருமல் நிற்கவில்லை. குறைதீர் முகாமில் போய், "ஃபேக்டரி காத்து மூக்கத் தொளைக்குது" என்று கத்தினாள். மூக்கு சம்பந்தப்பட்டது என்பதால் புகார் வாரியத்துக்கு அனுப்பப்பட்டது.

துணை இயக்குநர் அறிவுடைநம்பி ஜீப்பில் வந்து இறங்கினார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"இது தினமும் வருமா?"

"காத்தால ஒரு நாத்தம், பொயுது சாஞ்சா ஒரு நாத்தம் ஸார். கொயந்த மூச்சு வுட முடியாம பேஜாராக் கீது."

"தினசரி இரண்டு காட்சிகள்!" அவர் குரல் தழுதழுத்தது. "திரை இல்லை, புரொஜக்டர் இல்லை. நாங்கள் காத்திருந்த படம் இங்கேதான் ஓடுகிறது!"

"ஸார், இது நாத்தம்!"

"நாற்றம் என்றால் நறுமணம் அம்மா. சங்க இலக்கியம் படியுங்கள்."

மைதானத்தில் வெறும் வானத்தைப் பார்த்து நாற்காலிகள் போடப்பட்டன. அடையாறிலிருந்து ஏசி பஸ்ஸில் ரசிகர்கள் வந்தார்கள். "தாய்ப்பாசக் காட்சி ஒன்றுகூட இல்லாமல் கண் கலங்குகிறது" என்றார் ஒருவர். "கதை இல்லைதான், ஆனால் தொண்டையிலேயே நிற்கிறது" என்று எழுதினார் ஒரு தாடிக்கார விமர்சகர்.

செங்கொடி வாரியத்துக்கே போய்ச் சண்டை போட்டாள். "தங்கள் புகார் விமர்சனமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது, நன்றி" என்று அனுப்பிவைத்தார்கள்.

பக்கத்து வீட்டு ரூபினாதான் வழி சொன்னாள். "சும்மா கூவிகினு கீறியே அக்கா! இத்தினி கூட்டம் வருது, ஒரு சுண்டல் கடையப் போடு. மலருக்கு மருந்துக்காச்சும் ஆவும்."

போட்டாள். சுண்டல் பிய்த்துக்கொண்டு போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கூட்டம் நிரம்பி வழிந்த நேரத்தில், கிழக்கே கடல் பக்கமிருந்து சுத்தமான காற்று வீச ஆரம்பித்தது. ரசிகர்கள் விசிலடித்தார்கள். "படத்தப் போடுய்யா!" அறிவுடைநம்பி வியர்க்க வியர்க்க ஃபேக்டரிக்கு ஃபோன் போட்டார். கூட்டம் கலைந்து பஸ் ஏறியது.

பல மாதங்களுக்குப் பிறகு இருமாமல், அம்மா மடியில் மலர் தூங்கிப்போயிருந்தாள். செங்கொடி அண்டா நிறையக் கிடந்த சுண்டலைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள்.

"தூ! இன்னா கலீஜ் காத்துடா இது!"