நரி முகமும் நேரான பல்லும்

ஒரு காட்டில், கிழக்கே மொட்டைப்பாறையும் மேற்கே ஆறுமாகக் கிடந்த ஒரு சுமாரான காட்டில், சொக்கலிங்கம் என்றொரு நரியார் இருந்தார். நரி என்றதும் தந்திரம் செய்து பிழைத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். தந்திரத்துக்கு மூளை வேண்டும், அலைச்சல் வேண்டும். நம் நரியாருக்கு முகம் ஒன்றே போதுமாக இருந்தது.

காலையில் நரி முகத்தில் விழித்தால் அன்று முழுக்க யோகம் என்று உங்கள் ஊரில் சொல்வார்கள் அல்லவா? அந்தக் காட்டிலும் அதையேதான் சொன்னார்கள். ஒரே வித்தியாசம், அங்கே அது பலித்தது. சொக்கலிங்கத்தின் முகத்தில் விழித்த எருமைக்கு அன்று ஆற்றங்கரை இளம்புல் கிடைத்தது. விழித்த முயலுக்குப் பனி உலராத கீரை கிடைத்தது. பலன் கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு நண்டோ நாவற்பழமோ காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நரியார் வேட்டைக்குப் போய் வெகுகாலம் ஆயிற்று. தொப்பை கூட வைத்திருந்தார்.

விழிப்பது என்றால் முதல் பார்வை அவர் மேல்தான் விழ வேண்டும். வழியில் ஓர் ஆந்தையைப் பார்த்துத் தொலைத்தால் எல்லாம் வீண். ஆகவே மிருகங்கள் படுக்கையிலிருந்து எழுந்த கையோடு கண்ணை இறுக மூடிக்கொண்டு, முன்னால் போகிறவரின் வாலைப் பிடித்துக்கொண்டு, குகை வாசலில் வரிசை கட்டி நிற்கும். எல்லோருக்கும் கண் மூடியிருப்பதால் செல்லப்பா என்ற குரங்கு தினமும் கடைசியாக வந்து முதலில் நிற்பான். நரியாரின் மனைவி அமிர்தம் ஒவ்வொருவராக முன்னே நகர்த்தி, "இப்பத் திறங்க" என்பாள்.

திறந்தால், மூக்குக்கு நேரே நரியார் முகம். அந்த முகத்தில் ஒரு தெத்துப்பல். உள்ளூர்த் தெத்துப்பல் இல்லை அது. உதட்டைத் தாண்டி, ஊர் பார்க்க வந்த விருந்தாளி மாதிரி வெளியே நின்றது. பார்த்தவர்களுக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நிற்கும். "ஐயா தரிசனம், அப்படியே புல்லரிச்சுப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டம் பிடிப்பார்கள். பக்தி என்று நரியாரும் நினைத்தார், அவர்களும் நினைத்தார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு கைபேசி வந்து விழுந்தது. சுற்றுலா வந்த யாரோ தவறவிட்டதைச் செல்லப்பா எடுத்து வைத்திருந்தான். தினமும் வரிசையில் நிற்பானேன், ஐயா முகத்தை ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டால் படுத்தபடியே விழிக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது. எடுத்தான். எடுத்ததை மரியாதையாக நரியாரிடமும் காட்டினான்.

நரியார் உற்றுப் பார்த்தார். "யாருப்பா இது? பாவம், வாயில என்ன கோளாறு?"

"நீங்கதாண்ணே."

காட்டுக்கெல்லாம் முகம் காட்டியவர் தன் முகத்தை அன்றுதான் பார்த்தார். அதுவும் செல்லப்பா பெரிதாக்கிக் காட்டிய அளவில் பார்த்தார். அன்று மாலை அவர் ஊளையிடக்கூட இல்லை. வாயைத் திறந்தால் பல் தெரியுமே.

"அமிர்தம், என் பல்லு கோணலா?"

"ஆமா."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே பாத்துட்டேன். சொன்னா கல்யாணம் நிக்கும்னு எங்க அப்பா வாயைப் பொத்திட்டார். அப்புறம் பழகிப்போச்சு."

நரியார் மறுநாளே ஏரிக்கரைக்குப் போனார். அங்கே டாக்டர் தவமணி என்ற கொக்கம்மா ஒற்றைக் காலில் நின்று பல் வைத்தியம் பார்த்துவந்தார். அந்த அம்மாவுக்கு ஒரு பல்கூடக் கிடையாது. ஆனால் அடுத்தவர் வாய்க்குள் தலையை விடுவது கொக்கு வம்சத்துக்குப் பரம்பரைப் பழக்கம். கட்டணத்தை மட்டும் மீனாக முதலிலேயே வாங்கிவிடுவார். வாய்க்குள் தலையை விட்ட பிறகு கட்டணம் கேட்ட கொக்குகளின் கதை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"வாயைத் திறங்க. இன்னும் நல்லா. ஓ." டாக்டரம்மா தலையை வெளியே எடுத்தார். "கம்பி கட்டலாம். இல்லன்னா கண்ணாடி மாதிரி அலைனர் போடலாம். பல்லு மேல உறை மாதிரி மாட்டிக்கணும். போட்டிருக்கறது யாருக்கும் தெரியாது."

"எனக்கு?"

"உங்களுக்குத் தெரியும். நல்லாவே தெரியும்."

பிறகு ஒரு திரையைக் காட்டினார். ஒரு பக்கம் இப்போதைய சொக்கலிங்கம். மறுபக்கம் வரப்போகிற சொக்கலிங்கம், முத்துக் கோத்தாற்போல் பல்வரிசையோடு, மாப்பிள்ளைக் களையில் சிரித்துக்கொண்டிருந்தார். நரியார் அந்தத் திரையிலேயே விழுந்துவிட்டார். "அடி மேல் அடி வச்சா அம்மியே நகருது, பல்லு நகராதா? ஒரு உறை பழகினதும் அடுத்த உறை. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே தள்ளும். சாப்பிடும்போது மட்டும் கழட்டணும். மீதி நேரம் பூரா வாயிலயே இருக்கணும்" என்றார் டாக்டரம்மா.

சாப்பிடும்போது மட்டும் என்று சொல்லிவிட்டார். நரிக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று உண்டா? கிடைத்த நேரம்தான் நேரம். இனி ஒரு நாவற்பழம் என்றாலும் உறையைக் கழற்றி, கல்லில் வைத்து, தின்று, வாய் கொப்பளித்து, பல் துலக்கி, உறையைக் கழுவி, மறுபடி மாட்ட வேண்டும். காணிக்கை வைத்தவர்கள் ஐயா ஏன் நம் பழத்தைத் தொடவில்லை என்று மனம் நொந்தார்கள்.

ஒருநாள் ஆசைக்கு ஒரு நண்டை எடுத்துக்கொண்டு, உறையைக் கழற்றி அருகில் வைத்தார். நண்டு செத்ததுபோல் கிடந்து, சமயம் பார்த்து உறையைக் கவ்விக்கொண்டு வளைக்குள் போய்விட்டது. அதைக் கதவாகச் சாத்தியும் கொண்டது.

"நண்டு எடுத்துட்டுப் போயிடுச்சு" என்று டாக்டரம்மாவிடம் போய் நின்றார்.

"உறையைத் தொலைச்சவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்றார் டாக்டரம்மா, இறகைக் கோதியபடி.

பேச்சும் மாறிப்போயிற்று. "அமிர்தம், சாப்பாடு" என்று கூப்பிட்டால் "ஷாப்பாடு" என்று வந்தது. யாரோ படித்த நரி வீட்டுக்கு வந்திருக்கிறது என்று அமிர்தம் எட்டிப் பார்த்தாள். புது உறை மாட்டும் நாளில் தாடையே கழன்றுவிடும்போல் வலிக்கும். ஆனாலும் நரியார் விடவில்லை. இப்படியொரு விடாமுயற்சியை அவர் வேறெந்தக் காரியத்திலும் காட்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒருவழியாகக் கடைசி உறையும் கழன்றது. அதுவரை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தெத்துப்பல்லும் உள்ளே போய், பல்வரிசை நூல் பிடித்தாற்போல் நின்றது. டாக்டரம்மா ஒரு புது உறையைக் கொடுத்து, "இதுக்குப் பேரு ரிட்டெய்னர். தினமும் தூங்கும்போது போடணும். ஆயுசுக்கும். போடலைன்னா பல்லு பழைய வீட்டுக்கே போயிடும்" என்றார். நரியார் தலையாட்டினார்.

மறுநாள் விடியலில் வரிசை நின்றது. பூங்காவனம் என்ற எருமை முதலில் வந்தாள், அதாவது செல்லப்பாவுக்கு அடுத்து. "இப்பத் திறங்க" என்றாள் அமிர்தம்.

பூங்காவனம் திறந்தாள். ஓடவில்லை. "அடடா, என்ன ஒரு சிரிப்பு" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முயலும் உட்கார்ந்தது. பல் வைத்தியம் எங்கே, வலித்ததா, என் மச்சினிக்கும் தூக்கலாக இருக்கிறது என்று பேச்சு வளர்ந்தது. செல்லப்பா ஒவ்வொருவரையும் ஐயாவோடு நிறுத்திப் படம் பிடித்தான். மான் குட்டி ஒன்று "நாய் மாமா, நாய் மாமா" என்று அவர் மடியில் ஏறியது. அது மட்டும் நரியாருக்குச் சுருக்கென்றது. மற்றபடி மிதந்தார்.

கலைந்து போகும்போது வெயில் ஏறிவிட்டது. ஆற்றங்கரையில் புல் இல்லை. கீரை வாடிவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. பூங்காவனம் வந்து நின்றாள்.

"உம்ம முகத்துல முழிச்சு மூணு வேளை பட்டினி ஐயா. முன்னெல்லாம் பாத்ததும் ஒரு புல்லரிப்பு வரும். எப்படி ஓடினோம்னே தெரியாது, ஆத்தங்கரையில நிப்போம். இப்ப புல்லரிக்கவும் இல்லை, புல்லும் இல்லை."

"என் ஷிரிப்பு நல்லாயில்லையா?" ரிட்டெய்னரைக் கழற்ற மறந்திருந்தார்.

"சிரிப்பு நல்லாத்தான் இருக்கு. அதை மேய முடியுமா?"

வரிசை தேய்ந்தது. அந்த நேரம் பார்த்து மொட்டைப்பாறைக்கு அந்தப் பக்கம் வைரக்கண்ணு என்ற கழுதை ஒரு பலகையை நட்டது. 'என்னைப் பார், யோகம் வரும்' என்று அதில் எழுதியிருந்தது. மிருகங்கள் வாலைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்விட்டன. செல்லப்பா அங்கேயும் முதலில் நின்றான்.

குகையில் காணிக்கை நின்றுபோயிற்று. குட்டிகள் பசியில் ஒன்றின் வாலை ஒன்று சப்பிக்கொண்டிருந்தன. வேட்டைக்குப் போன நரியாரை ஒரு தவளையே மூச்சிரைக்க வைத்துத் திருப்பி அனுப்பியது. வெறும் கையோடு வந்தவரை அமிர்தம் ஏறிட்டும் பார்க்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கழுதை மூஞ்சியில் என்று பார்த்துவிடத் தீர்மானித்தார்.

விடியலில் போர்வையால் தலையை மூடி, கண்ணையும் மூடி, வரிசையில் நின்றார். முறை வந்தது. கண்ணைத் திறந்தார். கழுதை முகம். நீளமாக, மஞ்சளாக, ஈறு வரை பல்லைக் காட்டிக்கொண்டு. இவ்வளவுதானா என்று நினைக்கும்போதே கழுதை பழக்கதோஷத்தில் திரும்பி ஓர் உதை விட்டது.

நரியார் எழுந்தார். ஓடினார். எந்தத் திசை என்று பார்க்கவில்லை, புதர் என்றும் முள் என்றும் பார்க்கவில்லை. மூச்சு நின்ற இடத்தில் நின்றார். அது ஒரு சதுப்பு. காலடியில் கொழுத்த நண்டுகள், யாரும் இன்னும் கண்ணில் காணாத நண்டுகள், ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. ரிட்டெய்னரைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வயிறார உண்டார். மூன்றாவது நண்டில் அவருக்கு விளங்கிவிட்டது.

யோகம் கழுதை முகத்திலும் இல்லை, நரி முகத்திலும் இருந்ததில்லை. பயத்தில் ஓடிய காலில் இருந்தது. விடிந்ததும் தலைதெறிக்க ஓடுகிறவனுக்கு முதல் புல், முதல் கீரை, முதல் நண்டு. அவ்வளவுதான் சங்கதி. இத்தனை காலமும் காடு அவரை வணங்கவில்லை, அவருடைய பல்லைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்கிறது.

அவமானமாக இருந்தது. கூடவே, சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, நல்லவராகிவிட வேண்டும் என்று ஓர் ஆசையும் வந்தது. நரிகளுக்கு அது அடிக்கடி வருவதில்லை. நாலு நண்டைக் குட்டிகளுக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

"அமிர்தம், பாறை மேல ஏறி எல்லாருக்கும் சொல்லிடப் போறேன். யார் முகத்துலயும் முழிக்க வேண்டாம். விடியறப்ப எழுந்து ஓடினா போதும். அதுதான் யோகம்."

அமிர்தம் நண்டுகளைக் குட்டிகளுக்குப் பங்கிட்டாள். பிறகு கேட்டாள். "சரி. சொல்லிட்டு?"

"சொல்லிட்டுன்னா?"

"நாளைக்கு என்ன சாப்பாடு?"

"நாமளும் விடியறப்ப எழுந்து ஓட வேண்டியதுதான்."

அமிர்தம் அவர் தொப்பையைப் பார்த்தாள். அவரும் குனிந்து அதைப் பார்த்தார். தினமும், விடியற்காலையில், தானே, ஓடுவது. நல்லவராகும் ஆசை வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அன்று படுக்கும்போது ரிட்டெய்னரை அவர் போடவில்லை. அமிர்தம் அதில் தேன் ஊற்றிக் குட்டிகளுக்கு வைத்தாள். மறுநாளும் போடவில்லை. டாக்டரம்மா சொன்னது பொய்க்கவில்லை. ஊருக்குப் போன தெத்துப்பல் விருந்தாளி மெல்ல மெல்லப் பழைய வீட்டுக்கே வந்து சேர்ந்தான். முன்பைவிடச் சற்றுச் சாய்ந்துகூட நின்றான்.

கழுதையிடம் உதை வாங்கி விலா வீங்கிப்போயிருந்த பூங்காவனத்தை அமிர்தம் ஒருநாள் கூட்டிவந்தாள். "இப்பத் திறங்க."

பூங்காவனம் திறந்தாள். "ஐயோ, தரிசனம்" என்ற குரல் ஆற்றங்கரையிலிருந்து கேட்டது. மறுவாரம் வரிசை முழுதும் திரும்பிவிட்டது. உதையில்லாமல் யோகம் தரும் முகம் என்று இப்போது பேரும் கூடியிருந்தது.

செய்தி கேட்டு டாக்டர் தவமணி கோபமாகப் பறந்து வந்தார். விடியும் நேரம். "ரிட்டெய்னர் போடலையா? எத்தனை பாடுபட்டு நேராக்கினேன், எங்கே, காட்டுங்க" என்றார். நரியார் காட்டினார். டாக்டரம்மாவுக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. அலறிக்கொண்டு பறந்தவர் ஏரியின் அக்கரையில், அதுவரை எந்தக் கொக்கும் போகாத மூலையில், போய் விழுந்தார். அங்கே மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் விடியலில் குகை வாசலில் வழக்கமான வரிசை. செல்லப்பாவுக்குப் பின்னால், எருமைக்கும் முன்னால், காணிக்கை மீனை அலகில் கவ்விக்கொண்டு, ஒற்றைக் காலில், கண்ணை இறுக மூடியபடி ஒருவர் நின்றார்.

நரியார் உதட்டை விலக்கிப் பல்லை நன்றாக வெளியே விட்டுக்கொண்டார்.

"வாயைத் திறங்கன்னு சொல்லுவீங்களே, டாக்டரம்மா" என்றார். "இப்பக் கண்ணைத் திறங்க."

நீதி: உண்மை தெரிந்துவிட்டால் வாயை மூடிக்கொள். பல் கோணலாக இருந்தால் மட்டும் திறந்து காட்டு.