பதினொரு அப்பாக்களின் கையெழுத்து

அன்புள்ள அண்ணாவுக்கு, உன் தங்கை எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். இந்த வரி முடியும்வரை அப்படியே வைத்துக்கொள். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் சொல்லியிருப்பேன், அண்ணி ஸ்பீக்கரில் போடச் சொல்லுவார்கள். இது நம் இருவருக்கு மட்டுமான சமாசாரம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

உன் மருமகள், நான் பெற்ற செல்வம், பள்ளியில் பிடிபட்டிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகளின் ரேங்க் கார்டில் அவரவர் அப்பாவின் கையெழுத்தை இவளே போட்டிருக்கிறாள். பதினொன்றும் பதினொரு விதம், அவ்வளவு சுத்தம். அதில் ஒரு அப்பா அதே பள்ளியின் கணக்கு வாத்தியார். மகனின் கார்டில் தன் கையெழுத்தைப் பார்த்து அவருக்கே சந்தேகம் வரவில்லையாம். அந்தத் தேதியில் தன் வலது கை மாவுக்கட்டில் இருந்தது ஞாபகம் வந்த பிறகுதான் தலைமை ஆசிரியையிடம் போயிருக்கிறார். மறுநாள் ஆலோசகர் அம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு ஃபாரத்தை நீட்டினார். குடும்பத்தில் வேறு யாருக்காவது சிறுவயதில் இப்படிப் பழக்கம் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. உடனே கொழுந்தன் பள்ளி மதிலேறிக் குதித்த கதையை எழுதப் போனேன். வேலை விஷயமாக வெளியூரில் இருக்கும் உன் மாப்பிள்ளை போனிலேயே தடுத்துவிட்டார். "எங்க பக்கம் செவுரு ஏறுவோம், அடுத்தவன் கையெழுத்துல கை வைக்க மாட்டோம்" என்றார்.

சரி, ரத்தம் இல்லையென்றால் சேர்க்கை. இவள் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி எதற்கும் நியாயம் பேசுவாள். வீட்டில் அவளுக்குக் குட்டி வக்கீல் என்று பெயர். 'உங்கள் பெண்ணின் சகவாசம்தான் காரணம்' என்று அவள் அம்மாவிடம் சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு ஆலோசகர் அறைக்குப் போனால், அதே வாக்கியத்தை அந்த அம்மா முந்திக்கொண்டு என்னிடம் சொல்லிவிட்டார். இரண்டு பேரையும் வேறு வேறு பிரிவில் போடுங்கள் என்பதில் மட்டும் ஒத்துப்போனோம். ஆலோசகர் அம்மா பெருமூச்சு விட்டார். "இயல்புல கொஞ்சம் வரும், சேர்க்கையில கொஞ்சம் வரும். அந்த இயல்பே போய் தனக்கேத்த சேர்க்கையைத் தேடிப் பிடிச்சுக்கும். எது எவ்வளவுன்னு பிரிக்க முடிஞ்சா எங்கிட்ட இத்தனை ஃபாரம் இருக்காதும்மா."

வீட்டுக்கு வந்து, யாருடி சொல்லிக் குடுத்தா என்று கேட்டேன். "யாரும் இல்லம்மா. ஒரு தடவை பாத்தா கை தானா போயிடுது" என்றாள். நான் கொடியில் கிடந்த துணியை மடிக்கப் போய்விட்டேன், அண்ணா. அது காயக்கூட இல்லை. நீ பத்தாவது படித்தபோது உன் மூன்று கார்டில் அப்பா கையெழுத்தைப் போட்டது யார்? நாலாவதில் அப்பா நிஜமாகவே போட்டது பொருந்தவில்லை என்று வாத்தியார் திருப்பி அனுப்பினாரே, மறந்தா போச்சு?

அப்போது எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி. என் சகவாசம் சரியில்லை என்று அவள் அம்மா அவளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார். அந்தப் பெண் பேனாவைத் தொட்டதே இல்லை. "மூணு போதும்டி, நிறுத்து" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகுதான் நான் வகுப்பு முழுக்கப் போட ஆரம்பித்தேன். அதை நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

இங்கேயும் நாற்பது பேருக்கும் போடத் தயாராக இருந்தவள் இவள்தானாம். குட்டி வக்கீல்தான் ஒவ்வொருவரையும் விசாரித்து, மார்க் குறைந்தால் அடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பதினொன்றாகக் குறைத்திருக்கிறாள். கணக்கு வாத்தியார் மகனும் அதில் ஒருத்தன். நான் போய் இதைச் சொன்னதும் ஆலோசகர் அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு அந்தப் பதினொரு பெயரையும் கேட்டார். வாத்தியார் இப்போது புகாரைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இவர்களைப் பிரிக்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அந்த அம்மாவையும் சம்மதிக்க வைத்தாயிற்று. குடும்பக் கேள்விக்கு, 'தாய்க்கு இருந்தது, பிறகு நின்றுவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். பயனடைந்தவர் பெயரைக் கேட்கவில்லை, பயப்படாதே.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள், முழங்காலுக்கு விசாரிப்பு. படித்ததும் கிழித்துவிடு.

இப்படிக்கு,
முப்பது வருஷமாகத் திருந்தி வாழும்
உன் தங்கை.

பி.கு.: ஃபாரத்தின் அடியில், 'இனி எங்கள் வீட்டில் எவரும் பிறர் கையெழுத்தைப் போட மாட்டோம்' என்ற உறுதிமொழியில் அம்மா, அப்பா இருவரும் கையெழுத்திட வேண்டுமாம். நாளை காலை கொடுக்காவிட்டால் பிரித்துவிடுவார்கள். மாப்பிள்ளை வர இன்னும் பத்து நாள். இவளைப் போடச் சொல்வது முறையில்லை, எனவே நானே போட்டேன். நன்றாகத்தான் வந்தது. பின்னால் நின்று பார்த்த உன் மருமகள், "அப்பா கடைசிச் சுழியை இன்னும் கொஞ்சம் கீழ இறக்குவாரும்மா" என்றாள். இறக்கினேன்.