நாற்பத்தேழில் முடியும் எண்

‘நாற்பத்தேழில் முடியும் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியிருக்கிறோம்’ என்று கம்ப்யூட்டர் திரை மரியாதையாகச் சொன்னது. பிளான்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். அப்போதும் நாற்பத்தேழுதான்.

வீடு, கடை, பள்ளிக்கூடம் என்று யார் கட்டினாலும் வரைந்து கொடுப்பவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். ஏழு வாரம் உயிரைக் கொடுத்து வரைந்த மழலையர் பள்ளியின் பிளான் நேற்று ராத்திரிதான் முடிந்தது. இன்று மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிளான் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருந்தது. அவர்தான் வெளியே இருந்தார்.

“எட்டு மாசமா அப்டேட் போடுங்கன்னு அது கெஞ்சிச்சு. ‘பிறகு, பிறகு’ன்னு தள்ளினீங்க. நேத்துதான் போட்டீங்க. அதுக்கும் ரோஷம் இருக்காதா?” என்றாள் மனைவி, மேசையைத் துடைத்தபடி. கம்ப்யூட்டரைத் துடைப்பதும், கடவுச்சொல்லை டைரியில் எழுதி வைப்பதும் அவள் பொறுப்பு. இன்று விடிந்ததிலிருந்தே துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தேழு அவருடைய பழைய எண். மூன்று வருடம் முன்பு புது போன் வாங்கியபோது, பழையதை எண்ணோடு மச்சினனுக்குக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டரில் எண்ணை மாற்ற மறந்துபோனார். அந்தக் காலத்தில் மச்சினனுடன் பேச்சுவார்த்தை இருந்தது.

மச்சினன் வீட்டுக்கு பிளான் போட்டவரும் இவரே. கட்டி முடித்ததும் விருந்தாளிகளை மாடிக்கு அழைத்துப்போன மச்சினன், படிக்கட்டுக்கு மேலே இருந்த உத்தரத்தில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டான். நெற்றியைத் தடவியபடி, “வரைஞ்சவர் உயரத்துக்கு இது சரியாத்தான் இருக்கும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிளான்காரர் குள்ளம். அன்று இறங்கியவர்தான், இரண்டு வருடம் மூன்று மாதமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரருக்கு போன் போட்டார். எதையும் அழுத்தாதீர்கள் என்றார் அவர். இவர் அதற்குள் ‘வேறு வழியில் முயல்க’ என்பதை ஒன்பது தடவை அழுத்தியிருந்தார். எந்த வழியில் போனாலும் சுற்றிச் சுற்றி நாற்பத்தேழின் வாசலில்தான் கொண்டுபோய் விட்டது.

“உன் தம்பிகிட்ட அந்த நம்பரைக் கேளு.”

“நீங்களே கேளுங்களேன்.”

“நான் எதுக்குக் கேட்கணும்? கம்ப்யூட்டர்தானே கேட்குது.”

அவள் கேட்டாள். மச்சினன் ஒவ்வொரு எண்ணையும் நிதானமாகச் சொன்னான். அவள் அதைவிட நிதானமாகத் திருப்பிச் சொன்னாள். ஆறாவது எண் வந்து சேர்வதற்குள் குறியீடு காலாவதியாகிவிட்டது. மூன்று தடவை இப்படியே ஆனது. நான்காவது தடவை அவசரத்தில் இவர் தப்பாகத் தட்டினார்.

இப்போது கம்ப்யூட்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ‘உள்ளே நுழைய முயல்வது நீங்கள்தானா?’ என்று நாற்பத்தேழிடம் கேட்டது. மச்சினன் நாணயமான மனிதன். ‘இல்லை’ என்று அழுத்திவிட்டான்.

பிளான்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மனைவி ஸ்பீக்கரில் போட்டு விசாரித்தாள்.

“நான் இல்லையேக்கா. நான் பாட்டுக்கு சோபாவுல உட்கார்ந்திருக்கேன். பொய் சொல்லச் சொல்றியா?”

பாதுகாப்பு கருதி நான்கு மணி வரை கதவு அடைக்கப்பட்டது.

ஒரு மணிக்குப் பள்ளி அலுவலகத்துக்குப் பேசி, ஒரே ஒரு நாள் தவணை கேட்டார். அங்கிருந்த அம்மாள், “அஞ்சு மணி சார். அதுல மாத்தமே இல்லை” என்று, ஏனோ ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னாள்.

மூன்று மணிக்கு மறுபடி ரிப்பேர்காரர். அந்த போனும் இந்தக் கம்ப்யூட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிட வேலை என்றார்.

“அவனை வரச் சொல்லு” என்றார் பிளான்காரர்.

“நான் கூப்பிட்டா வர மாட்டான். மானஸ்தன். உங்களை மாதிரிதான்.”

அரைமணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு வாரம் குனிந்து வரைந்த முதுகு வலித்தது. கடைசியில் அழுத்தினார்.

“மாப்பிள்ளை.”

மறுமுனையில் டிவி சத்தம் நின்றது.

“சொல்லுங்க அத்தான்.”

“அந்த போனை எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் வந்துட்டுப் போயேன்.”

“இதோ.”

நாலேகாலுக்கு மச்சினன் வந்தான். வாசல் நல்ல உயரம். இருந்தும் குனிந்துதான் நுழைந்தான். சொந்த வீட்டில் பழகிப்போன தலை. பிளான்காரர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவன் எண்களை வாசிக்க, இவர் தட்டினார். திரை திறந்தது. பிளான் விரிந்தது. மச்சினன் நாற்காலிக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தான்.

“படிக்கட்டுக்கு மேல ஏழடி விட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“சின்னப் பசங்களுக்கு எதுக்கு அத்தான் ஏழடி?”

“உன் வீட்டுக்கப்புறம் எல்லாருக்கும் ஏழடிதான்.”

மச்சினன் நெற்றியைத் தடவிக்கொண்டான். அவர் தோளில் ஒரு கையை வைத்தான், எடுக்கவில்லை.

நாலு ஐம்பத்தொன்றுக்குப் பிளான் போய்ச் சேர்ந்தது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். மேசையில் மூன்று தட்டு இருந்தது. காலையிலிருந்து இருந்ததோ என்னவோ, அவர் இப்போதுதான் கவனித்தார். மச்சினனுக்குப் பிடித்ததெல்லாம் மதியமே சமைத்து மூடிவைத்திருந்தாள்.

கை கழுவியதும், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று பள்ளிக்கு போன் செய்தார். சுவரில் மணி ஐந்து ஐந்து. பிளான் கிடைத்ததா என்றார்.

“அஞ்சு தாண்டியாச்சு, இனிமே சொல்லலாம் சார்” என்றாள் அந்த அம்மாள். “பிளான் காலையில ஆறரைக்கே உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து வந்துடுச்சு. அனுப்பிட்டுப் பூட்டியாச்சு, அஞ்சு மணி வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு உங்க வீட்டம்மாதான் சொல்லி வெச்சிருந்தாங்க. ஆமா, உங்க மச்சினர் வந்துட்டாரா?”