ரைட்ரைட் அண்ணாச்சியின் பஸ்

திருச்சுழி தாலுகாவிலேயே சொந்தமாக பஸ் வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் ஊர் ரைட்ரைட் அண்ணாச்சிதான். அந்த பஸ்ஸை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

எங்கள் காலனிக்குள் பஸ் வராது. நரிக்குடி பஸ் மெயின்ரோட்டோடு போய்விடும். கேட்டால், உள்ளே வந்தால் திருப்ப இடமில்லை என்பார்கள். அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. தினமும் காலையில் கண்மாய்க்கரைப் பொட்டலில் விசிலோடு நின்று, "வரலாம்... வரலாம்... ஒடிச்சுக்கோ... போதும்!" என்று இல்லாத பஸ்ஸுக்கு ரிவர்ஸ் காட்டுவார். இடமிருக்கிறது என்று நிரூபிக்கிறாராம்.

முதலில் சிரித்தோம். போகப்போக எங்களுக்கே குழம்பிவிட்டது. ஆட்டுக்காரர் ஆடுகளை ஒதுக்கி நிறுத்தி, விசில் ஓய்ந்த பிறகுதான் ஓட்டிப் போவார். பைக்கில் வந்த நான் ஒருநாள் ஹார்ன் அடித்துத் தொலைத்தேன். எதைப் பார்த்து அடித்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஆறு மாசக் கர்ப்பிணியாக இருந்த மாரி மதினி ஒரு காலையில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போக மூச்சிரைக்க வந்தாள்.

"அண்ணாச்சி, பஸ்ஸு போயிருச்சா?"

"இப்பத்தானம்மா எடுத்தோம்."

"அய்யய்யோ, ஒரு நிமிசம் நிப்பாட்டக் கூடாதாக்கும்?" என்று அவரோடு மல்லுக்கட்டிவிட்டு, வெயிலில் மெயின்ரோட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் மயங்கி உட்கார்ந்தவளை டிராக்டரில் ஏற்றி அனுப்பினோம். அன்று சாயங்காலமும் பொட்டலில் விசில் சத்தம் கேட்டது.

கிராமசபையில் ஊரே சண்டை போட்டதில், ஒரு ஆபீசர் நிஜ பஸ்ஸோடு வந்தார். பொட்டலில் வண்டி திரும்பினால் காலனிக்கு பஸ் உண்டு, இல்லையென்றால் கிடையாது. எல்லோரும் கரையில் ஏறி நின்றோம். அண்ணாச்சி விசில் ஊதினார். "வரலாம்... வரலாம்... நிப்பாட்டு!"

டிரைவர் தலையை நீட்டினார். "ஏங்க, பின்னாடி பூராம் எடமாத்தான கெடக்கு?"

"அங்க நம்ம பஸ்ஸு நிக்குதுல்ல. இடிச்சுப்புடாதீக."

ஆபீசர் பின்னால் போய்ப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "யாரு வண்டியா இருந்தாலும் மொதல்ல எடுக்கச் சொல்லுங்கப்பா" என்றார். அண்ணாச்சி அசையவில்லை.

"இது ஆவுறதில்ல சார், போயிருவோம்" என்று டிரைவர் கியரைப் போட்டார்.

மாரி மதினிதான் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அண்ணாச்சி, உங்க பஸ்ஸ அனுப்பிவிடுங்க. நான் இதுல போய்க்கிறேன்."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். பொட்டலைப் பார்த்தார். நீளமாக ஒரு விசில் அடித்து, "ரைட், ரைட்!" என்று கருவேலங்காட்டுப் பக்கம் கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டிரைவரிடம், "இப்ப வாங்க" என்றார். பஸ் ஒரே ஒடிப்பில் திரும்பியது.

இப்போது தினமும் பஸ் வருகிறது. மதினி மகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறாள். அண்ணாச்சி மட்டும் ஏறுவதில்லை. கேட்டால், "நம்ம பஸ்ஸு இன்னும் திரும்பலயேப்பா" என்பார்.

அது வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு, அவர் பக்கத்தில் எனக்கும் ஒரு சீட்டுப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.