சத்தம் போடாத ஸ்விட்ச்

திப்பேசாமி யாரையும் நம்ப மாட்டார்.

பால்காரர் திரும்பினதும் பாலை விரலில் தொட்டு நக்கிப் பார்ப்பார். காஸ் சிலிண்டர் வந்தால் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். கோவிலுக்குப் போனால் ஒரு செருப்பை வடக்கு வாசலிலும் இன்னொன்றைத் தெற்கு வாசலிலும் விடுவார். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான்? போன கார்த்திகையில் எந்த வாசலில் எதை விட்டோம் என்று மறந்துபோய் ஒரு கால் செருப்போடு பஸ் ஏறி வந்தார். அன்றைக்கும் பூசாரியைத்தான் சந்தேகப்பட்டார்.

வைஃபையையும் நம்ப மாட்டார். காற்றில் போகிற சமாசாரம். வழியில் எவனாவது மடக்கினால்? அதனால் வீடு முழுக்க வயர். அவருடைய கம்ப்யூட்டருக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, பால்காரரைக் கண்காணிக்க வாசலில் வைத்த கேமராவுக்கு ஒன்று. மூன்றும் சமையலறைப் பரண்மேல் ஒரு பெட்டிக்குள் போய்ச் சேரும். அந்தப் பெட்டிக்குப் பேர் ஸ்விட்ச். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. வீட்டுக்குள் வருகிற ஒரே இன்டர்நெட்டைப் பந்தியில் பரிமாறுகிற மாதிரி ஒவ்வொரு இலைக்கும் போடுகிற பெட்டி.

பெட்டி நல்ல பெட்டிதான். ஏதோ ஒரு ஆபீஸை மூடினபோது மலிவாக அள்ளிக்கொண்டு வந்தது. உள்ளே ஃபேன் இருந்தது. அந்த ஃபேன் மாவு மில் மாதிரி கத்தியது. ராத்திரி பகல் கிடையாது. ரெண்டு வருஷமாக அந்த வீட்டில் உப்பு வேண்டும் என்றால்கூட ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனைக் கூப்பிடுகிற மாதிரிதான் கேட்க வேண்டும்.

பிரச்சினை அது இல்லை. திப்பேசாமி இன்சூரன்ஸ் கம்பெனிக் கணக்கை வீட்டிலிருந்தே பார்ப்பவர். தினமும் மூணு மணிக்கு டிசோசா மேடத்தோடு மீட்டிங். சரியாக அந்த நேரத்துக்கு லைன் அறுந்துவிடும். மேடம் கடைசியாகச் சொல்லிவிட்டாள்.

“திப்பேசாமி, இன்னொரு தடவை நடுவுல காணாமப் போனீங்கன்னா, வீட்டு வேலை கட். தினம் ஒயிட்ஃபீல்ட் ஆபீசுக்கு வந்து உக்காருங்க.”

அனுமந்தநகரிலிருந்து ஒயிட்ஃபீல்ட். ரெண்டு பஸ், ஒரு மெட்ரோ, அப்புறம் கடவுள் விட்ட வழி. போய்ச் சேர்ந்ததும் திரும்பக் கிளம்ப வேண்டியதுதான். பெங்களூரில் இதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் கொடுத்ததில்லை.

எவனோ நம் இன்டர்நெட்டைத் தின்கிறான். திப்பேசாமி முடிவே கட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி சர்வமங்களா வந்து நின்றாள்.

“ஏங்க! இந்தப் பெட்டிய மாத்துங்க! சத்தமில்லாததா ஒண்ணு வாங்குங்க!”

“ஏன்! ரெண்டு வருஷமா நல்லாத்தானே இருந்த!”

“ரெண்டு வருஷமா பொறுத்துக்கிட்டிருந்தேன்! அதுக்குப் பேரு நல்லா இருக்கறது இல்ல!”

“இப்ப என்ன திடீர்னு?”

“காது வலிக்குது! வாங்கறீங்களா, இல்ல நானே ஏறி அந்த ஃபேன்ல கரண்டிய சொருகட்டுமா?”

திப்பேசாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். மங்களா எதையும் நேராகக் கேட்கிற ஆள் இல்லை. புடவை வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் ஆரம்பிப்பாள். இன்று ஒரே வரியில் கேட்கிறாள். இதில் ஏதோ இருக்கிறது.

இருக்கட்டும். பெட்டி மாற்றுவது அவருக்கும் வசதிதான். எந்த வயரில் எவ்வளவு போகிறது என்று காட்டுகிற, வயர் சொருகுகிற ஓட்டைகளில் வேண்டாததை மூடுகிற பெட்டிகள் வந்திருக்கிறதாமே. உனக்கு அமைதி, எனக்குத் திருடன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பினார்.

கேவல்சந்தின் கடை ஆறடி அகலம்.

“சேட்! எனக்கு மூணு விஷயம் வேணும்!”

கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவா சொல்லுங்க சாமி. நான் இங்கதான் நிக்கறேன்.”

“விலை கம்மியா இருக்கணும்! சத்தம் வரக்கூடாது! மூணாவது ரகசியம்!”

“அப்ப அத மட்டும் கத்தாம சொல்லுங்க.”

“ஒரு ஓட்டைய மட்டும் நான் நெனச்சப்ப அடைக்கணும்! கம்ப்யூட்டர்லேர்ந்தே!”

ரோட்டில் போன ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கேவல்சந்த் ரெண்டு பெட்டியை எடுத்து வைத்தார்.

“இது பிளாஸ்டிக். விலை கம்மி. மாட்டினா ஓடும், அவ்வளவுதான். நீங்க சொல்றது எதையும் கேக்காது. இது இரும்புத் தகடு. எட்டு ஓட்டை. கொஞ்சம் கூட ஆகும், ஆனா சொன்னா கேக்கும். எந்த ஓட்டைய வேணும்னாலும் மூடலாம், தெறக்கலாம்.”

திப்பேசாமி இரும்புப் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“ஃபேன் எங்க?”

“ஃபேன் கெடையாது.”

“கழட்டித் தனியா வித்துட்டீங்களா?”

“வீட்டுக்கு எதுக்கு சாமி ஃபேன்? சூட்டை இந்தத் தகடே வெளிய விட்டுரும். நூறு கம்ப்யூட்டர் இருக்கற எடத்துக்குத்தான் ஃபேன் வெச்சது. நீங்க இத்தனை நாளா கல்யாணச் சத்திரத்து அண்டால ரெண்டு பேருக்குச் சோறு பொங்கிருக்கீங்க.”

கரண்ட் கொடுத்துக் காட்டினார். விளக்கு எரிந்தது. திப்பேசாமி டாக்டர் மாதிரி காதை வைத்தார். இந்தப் பக்கம் வைத்தார். கவிழ்த்து அந்தப் பக்கம் வைத்தார்.

“சத்தமே வரல! வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?”

“விளக்கு எரியுதே.”

“வெறும் விளக்கு மட்டும் எரியற மாதிரி செஞ்சு வெச்சிருந்தா?”

கேவல்சந்த் கரண்ட் வயரைப் பிடுங்கினார்.

“சாமி, நீங்க எப்படி ஒரு பொண்ண நம்பிக் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க?”

விலையில் இருநூறு குறைத்த பிறகுதான் திப்பேசாமி அந்தக் கேள்வியை மன்னித்தார்.

பழைய பெட்டியை அணைத்ததும் வீட்டில் விழுந்த அமைதியில் ரெண்டு பேருக்கும் ஒரு நிமிஷம் தலை சுற்றியது. கடிகாரம் ஓடுவது கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. அவர்கள் இருந்தது வடாரம். ஒரே காம்பவுண்டில் சுவரோடு சுவர் ஒட்டின ஆறு வீடு. பக்கத்து வீட்டு நாகரத்னம்மா தோசையைத் திருப்பிப் போடுகிற சத்தம் வரைக்கும் கேட்டது.

மங்களா சிரித்தாள். “அப்பாடா. காதுக்கு உயிர் வந்துச்சு.”

“ஆமா!” என்று கத்தினார் திப்பேசாமி.

அந்த வாரம் நன்றாகவே போனது. மேடம்கூட ஒரு நாளும் திட்டவில்லை. மொச்சை சீசன் வேறு. மார்க்கெட் முழுக்கப் பச்சை மொச்சை வாசனை. வீட்டில் தினம் பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும். ஒவ்வொரு மொச்சையையும் ஊறவைத்து, தோலைப் பிதுக்கி, உள்ளே இருக்கிற பருப்பை எடுக்கிற வேலை. அவர் அம்மா அந்த ஒரு குழம்புக்கு அரை நாள் உட்காருவாள், விரலெல்லாம் ஊறிப்போகும். மங்களா தினமும் செய்தாள். திப்பேசாமி தினமும் நாலு கரண்டி கேட்டார்.

ஒரு நாள் பரண்மேல் ஏறி விளக்கை எண்ணினார். இன்டர்நெட் உள்ளே வருகிற வயருக்கு எட்டாம் ஓட்டை. அதை விட்டுவிட்டால் மூணு எரிய வேண்டும்.

நாலு எரிந்தது.

நாலாவது எரிந்தது மட்டுமா? மற்ற மூன்றையும்விட வேகமாகச் சிமிட்டியது. கண்ணடிக்கிற மாதிரி. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது பரண் ஓரமாகப் போய், ஓட்டுக்கு அடியில் நுழைந்து, மறைந்துவிட்டது. ஆறு வீட்டுக்கும் ஒரே கூரை. எந்த வீடு?

பழைய பெட்டியின் வயரைப் பிடுங்கிப் புதுசில் சொருகினது யார்? மங்களா. “நீங்க கீழ நின்னு ஏணியப் பிடிங்க, நான் சொருகறேன்” என்று சொன்னவள் அவள்தான். ஆக, உடந்தை!

பிடுங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் பிடுங்கினால் திருடன் கம்மென்று இருந்துவிடுவான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். திப்பேசாமி படுக்கையறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலைச் சாத்தினார். கேவல்சந்துக்கு போன் போட்டார்.

“சேட்! ரகசியமா ஒண்ணு கேக்கணும்!”

“ரகசியம்னா ஏன் சாமி கத்தறீங்க?”

“நான் எங்க கத்தறேன்! நாளைக்கு மூணு மணிக்கு நாலாம் ஓட்டைய மூடப்போறேன்! எங்க அமுக்கணும்?”

கேவல்சந்த் சொன்னார்.

“அவ்வளவுதானா! என்னோடது ஒண்ணாம் ஓட்டை, அதுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஆகாது. எதுக்கு சாமி இதெல்லாம்?”

“திருடன் இருக்கான் சேட்! வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சே நடக்குது! மூணு மணிக்கு நான் லைன மூடுவேன்! எந்த வீட்டுலேர்ந்து ஐயோன்னு சத்தம் வருதோ, அவன்தான் திருடன்! இப்பதான் வீட்டுல சத்தமே இல்லையே, துல்லியமாக் கேக்கும்!”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றது. மூணாவது வீட்டில் யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள்.

ஆயுசு முழுக்க எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனுஷன், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரு நிமிஷத்தில் போனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்.

மறுநாள் மத்தியானம் மங்களா கேட்காமலேயே அஞ்சாவது கரண்டி குழம்பு ஊற்றினாள்.

“என்ன, இன்னைக்கு ஒரே கவனிப்பு?”

“சாப்பிடுங்க. தெம்பு வேணுமில்ல.”

மூணு மணி. திரையில் டிசோசா மேடம், கூட ஏழெட்டுத் தலைகள்.

“திப்பேசாமி, போன மாசக் கணக்கப் படிங்க.”

“ஒரு நொடி மேடம்!” ஒரு கையில் கணக்கு. இன்னொரு கை மவுஸின்மேல். நாலாம் ஓட்டை. மூடவா என்று கேட்டது. மூடு. ஒரு காதைச் சுவர்ப் பக்கம் சாய்த்துக்கொண்டு அமுக்கினார்.

டிசோசா மேடம் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்தாள். அப்புறம் மேடமே இல்லை. எதுவுமே இல்லை.

“ஐயோ!”

ஆறு வீட்டுக்கும் துல்லியமாகக் கேட்டது. திருடன் அகப்பட்டுவிட்டான்.

திப்பேசாமி பதறிக்கொண்டு நாலாம் ஓட்டையைத் திறக்கப் பார்த்தார். எப்படித் திறப்பது? சொன்னால் கேட்கிற பெட்டிதான். ஆனால் சொல்வதற்கு லைன் வேண்டுமே. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை ஜன்னல் வழியாக உள்ளே போட்ட மாதிரி ஆகிவிட்டது. சமையலறைக்கு ஓடினார்.

“மங்களா! என் வயர் நாலாம் ஓட்டைக்கு எப்படிப் போச்சு?”

“நான்தான் மாத்தினேன். காலைல நீங்க குளிக்கும்போது.”

“உனக்கு எப்படித் தெரியும் நான்...”

“எனக்கா? பால்காரருக்கே தெரியும். வாசல்ல நின்னு, இன்னைக்கு மூணு மணிக்கு யார் ஐயோன்னு கத்தப்போறாங்கன்னு பந்தயம் கட்டிட்டுப் போனாரு. மாவு மில்லு நின்னுபோச்சு, உங்க தொண்டை நிக்கலயே.”

திப்பேசாமி வாயைப் பொத்திக்கொண்டார். லேட்.

“ஏணி எங்க?” கையை எடுக்காமலே கேட்டார்.

“நாகரத்னம்மாக்கா வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

“அவளா! அவதான் அந்த நாலாவதா!”

“அவங்கதான். மத்தியானம் சீரியல் பாக்கறாங்க.”

“என் இன்டர்நெட்ல சீரியலா! அதனாலதான் என் லைன் அறுந்துச்சு!”

“புதுப் பெட்டி வந்ததுலேர்ந்து அவங்க ஒரு நாள் விடாம பாத்தாங்க. ஒரு தடவையாவது அறுந்துச்சா? சூடாகிச் செத்துட்டிருந்தது உங்க பழைய பெட்டி. இன்னைக்கு அறுத்தது நீங்க.”

திப்பேசாமி யோசித்தார். வாரம் முழுக்க மேடம் திட்டவில்லை. யோசிப்பதை நிறுத்தினார்.

“சத்தமில்லாத பெட்டி கேட்டது...”

“அவங்க கேட்டாங்க. நம்ம பரணுக்கு அந்தப் பக்கம்தான் அவங்க டிவி. ஃபேன் சத்தத்துல வசனமே புரியலையாம்.”

“ஓசியில பாக்கறவளுக்கு வசனம் வேற புரியணுமா!”

“ஓசியா?” மங்களா பத்து விரலையும் அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள். நகத்தில் சிவப்புப் பாலிஷ் பளபளவென்று இருந்தது. “தினம் ஒரு படி மொச்சை பிதுக்கின கையா இது? சிலிண்டரத் தூக்கிப் பாக்கறீங்க, பாலை நக்கிப் பாக்கறீங்க. இத ஒரு நாளாவது சந்தேகப்பட்டீங்களா? சீரியல் பாத்துக்கிட்டே பிதுக்கறது அவங்க. நாலு கரண்டி கேட்டு வாங்கித் தின்னது யாரு?”

அப்போது போன் அடித்தது. டிசோசா மேடம். திப்பேசாமியின் கண்ணுக்கு முன்னால் ரெண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் வரிசையாக வந்து நின்றன. மங்களா போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

“மேடம், நமஸ்காரம். இங்க கரண்ட் போயிடுச்சு. ஆமா, தெருவுக்கே. அஞ்சே நிமிஷம், வந்துடுவாரு. சரிங்க மேடம்.” வைத்தாள். “அஞ்சு நிமிஷம் குடுத்திருக்காங்க. ஏணி வேணுமா, ஒயிட்ஃபீல்ட் வேணுமா?”

“ஏணி.”

“அப்ப, நாலாவது லைன இனிமே தொட மாட்டேன்னு சொல்லுங்க.”

திப்பேசாமி கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவர் பாடம் கற்றுக்கொண்டாயிற்று. மனைவியின் காதருகே குனிந்து, ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக, கொசு பறக்கிற குரலில் சொன்னார்.

“தொட மாட்டேன்.”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாகரத்னம்மாவின் குரல் வந்தது.

“மங்களா, எனக்கு ஒண்ணும் கேக்கல. எப்பவும் போலக் கத்திச் சொல்லச் சொல்லு, ஏணி அப்புறம் வரும்!”