ஏசி காரில் வந்த மாப்பிள்ளை

புதிதாகக் கார் வாங்கியவனுக்கும் புதிதாகக் கல்யாணம் நிச்சயமானவனுக்கும் எதைச் சொன்னாலும் மண்டையில் ஏறாது. எனக்கோ இரண்டும் ஒரே சமயத்தில் அமைந்தன.

மாப்பிள்ளை அழைப்புக்காகக் காட்டுப்பாக்கத்து மாமனார் ஒரு திறந்த காரைச் சொல்லி வைத்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. கூரை கிடையாது. ஏறுவதற்குப் பக்கவாட்டில் பலகை. ரப்பர் பந்தை அமுக்கினால் 'பாம் பாம்'. என்னுடையதோ எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸிலேயே முதல் ஏசி கார். (தூசி வந்துவிடும் என்று கண்ணாடியை இறக்கவே மாட்டேன். அத்தனை கொழுப்பு!)

"இந்தக் காயலான் கடைச் சாமான்ல நான் ஏறமாட்டேன். என் கார்லயே வர்றேன், நானே ஓட்டிட்டு" என்றேன். மற்றவர் கை என் வண்டியில் படக்கூடாதாம்.

"உங்க இஷ்டம் மாப்ள. சொல்லி வச்ச வண்டி, அதுவும் பின்னால வந்துகினு இருக்கட்டும்" என்றார் மாமனார், பல்லைக் கடித்துக்கொண்டு.

காலி வண்டியைப் பார்த்ததும், முழங்கால் வலிக்காரரான என் திருநெல்வேலித் தாய்மாமன் பட்டுவேட்டியோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். ஸ்டியரிங்கில் சிக்கிய என் மாலையைக் கழற்றி, "கொஞ்சம் வச்சிருங்க மாமா" என்று கொடுத்தேன். அவருக்கு விழாமல் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது. மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை பேண்ட் வாத்தியக்காரர்கள் நடக்கிற வேகம்தான். பழசு ஜம்மென்று ஆடி அசைந்து வந்தது. என்னுடையதுக்கு அந்த வேகம் ஒத்துக்கொள்ளவில்லை. கிளட்சை மிதித்து மிதித்து, மண்டபத்தை நெருங்கும்போது கருகல் நாற்றத்தோடு நின்றேவிட்டது. மாடி ஜன்னலிலிருந்து கல்யாணப்பெண் ராஜி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ, அவள் பார்க்கத்தானே இத்தனை கூத்தும்!

ஆரத்தித் தட்டோடு வந்த ஓர் அம்மாள் என் கண்ணாடியைத் தட்டினார். இறக்கி, பொட்டுக்காக நெற்றியை நீட்டினேன்.

"இன்னா டிரைவரே, வழில நிறுத்திகினு கீறே? ஓரங்கட்டு! பின்னால மாப்ள வந்துகினு கீறாரு!"

நான் போட்டிருந்தது வெள்ளை சஃபாரி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் காரை என்னோடு சேர்த்து ஓரமாகத் தள்ளினார்கள். 'பாம் பாம்' என்று பழசு என்னைத் தாண்டிப் போனது. ஐம்பது வயது மாமாவுக்கு ஆரத்தி சுற்றிப் பொட்டும் வைத்தாகிவிட்டது.

"பாவம்டி நம்ம ராஜி. மாப்ளைக்கு வயசாய்க்கீதே!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

இறங்கி ஓடினேன். "மாமா, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"நான் என்னல செய்ய? வாயத் தொறந்தா சர்க்கரையப் போடுதாங்க!"

மாடியில் ராஜி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கு மானமே போய்விட்டது. மறுநாள் தாலி கட்டும்போதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கார் மாற்றியாயிற்று. ராஜி மட்டும் முன்சீட்டில் உட்காருவதே இல்லை. பின்கதவைத் திறந்து சாவகாசமாக ஏறுவாள். கண்ணாடியை முழுக்க இறக்குவாள்.

"டிரைவரே, போலாமா?" என்பாள்.

நானும் வண்டியைக் கிளப்புவேன்.