பச்சை பிடிச்ச விரல்

கணேசலிங்கம் தன்ர மனுசி சிவாஜினியிட்டச் சொன்ன பொய் ஒண்டாவது இதுவரைக்கும் பொழுதுபடுமட்டும் உயிரோட இருந்ததில்லை. காலமை சொன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் செத்துப்போகும். அதால இந்தமுறை சொல்லப்போற பொய்யை ஊட்டி வளத்து, தலை நரைக்கப் பண்ணித்தான் விடுறது எண்டு முடிவெடுத்தார்.

விசயம் இதுதான். சிட்னியில பென்டில் ஹில் தமிழாக்களின்ர கோடைகால ஒன்றுகூடல். பார்க்கில கொத்துரொட்டி, சங்கீதக்கதிரை, கடைசியாக் கயிறிழுத்தல். கலியாணம் கட்டின ஆம்பிளையள் ஒரு பக்கம், கட்டாத பெடியள் மற்றப் பக்கம். கட்டின பக்கம் ஒருக்காலும் வெண்டதில்லை. இழுபட்டே பழகின ஆக்கள். கணேசலிங்கம் பாரமான ஆளெண்டு கடைசியில நிப்பாட்டி, கயித்தை இடுப்பில சுத்தி விட்டினம். கை உரஞ்சுமெண்டு மோதிரத்தைக் கழட்டிச் ஷேர்ட் பொக்கற்றுக்க போட்டார். விசில் ஊதினது ஞாபகம். அதுக்குப் பிறகு ஞாபகமெல்லாம் புல்லுத்தான். அரிசிமூட்டை மாதிரி முகங்குப்புற அரைப் பார்க் தூரம் போனார். எழும்பித் தட்டிப் பாத்தால் பொக்கற்றுக்க புல்லிருக்கு, மோதிரமில்லை.

கடையில வாங்கின மோதிரமெண்டால் போகட்டும் எண்டு விடலாம். ஊரில கலியாண எழுத்து முடிஞ்ச கையோட வெளிக்கிட்ட மனுசன், எங்கையெல்லாமோ அலைஞ்சு, வில்லாவுட் தடுப்பு முகாமில அடைபட்டுக் கிடந்து, பிறகு விசா கிடைச்சு மனுசியைக் கூப்பிட வருசக்கணக்காப் போச்சு. அவ்வளவு காலமும் சிவாஜினி வவுனியாவில காத்திருந்தவ. காத்திருந்த நேரத்தில தன்ர தோட்டை உருக்கி ஒரு மோதிரம் செய்விச்சு வச்சிருந்தவ. சிட்னி எயார்போட்டில வெறுங்காதோட வந்திறங்கி, பெட்டியை நிலத்தில வைக்க முதல் அதை இவற்ற விரலில ஏத்தினவ. விரல் தடிப்பு, ஏறேல்லை. சனம் பாக்கப் பாக்க எச்சில் தொட்டு ஏத்தினவ. இவரைக் காரில கூட்டிக்கொண்டு போன சிநேகிதன் நஜிமுதீன் அதைப் படமும் எடுத்தவர்.

இப்ப அதே நஜிமுதீனிட்டத்தான் ஓடினார்.

"நஜிமுதீன் நானா, மோதிரம் துலைஞ்சு போச்சு."

"சொல்லிட்டா முடிஞ்சிச்சே கணேஸ்."

"நீங்களெண்டால் உங்கட மனுசி ரைஹானாட்டச் சொல்லுவீங்களோ?"

நஜிமுதீன் உடனே போனை எடுத்தார். "டூப்ளிகேட் செய்யிற ஒராள் இரிக்கிறார். நம்பர் தாறன்."

எயார்போட் படத்தைப் பாத்து முலாம் பூசின மோதிரமொண்டு அச்சாவா வந்துது. ஒரு கிழமைக்குள்ள முலாம் கரைஞ்சு விரல் பச்சையாப் போச்சு.

"இஞ்சருங்கோ, விரலென்ன பச்சை?"

"கீரை ஆய்ஞ்சனான்."

"நீங்களோ?"

"ஓம். இனிமேல் வீட்டில நான்தான் ஆயிறது."

அண்டைக்குத் துவங்கினதுதான். சிவாஜினிக்குத் திடீரெண்டு கீரையில ஒரு பிரியம் வந்திட்டுது. நாளாந்தம் கீரை. முருங்கையிலையும் வரும். முருங்கையிலை ஆய்ஞ்ச ஆக்களுக்குத் தெரியும், ஒரு பொய்க்கு அது பெரிய தண்டனை.

கீரைக்கட்டுக்குப் பின்னால இருந்து கணேசலிங்கம் யோசிச்சார். மோதிரம் பார்க்கிலதான் எங்கையோ புல்லுக்க கிடக்கு. எடுத்திட்டால் பொய்யும் மெய்யாப் போகும், கீரையும் நிக்கும். பழசா ஒரு மெற்றல் டிடெக்டர் வாங்கிக் கொண்டந்து கராஜுக்க ஒளிச்சார். ஒளிச்சு முடிய முதல் சிவாஜினி வாசலில நிக்கிறா.

"என்னது, புல்லு வெட்டுறதோ?"

"இது எக்சசைசுக்கு. டொக்டர் நடக்கச் சொன்னவரெல்லே."

"நடக்கத்தான் சொன்னவர். உழச் சொல்லேல்லை."

"சும்மா நடந்தால் அலுப்படிக்குமப்பா. இது பீப் எண்டு சத்தம் போடும். ஒரு துணை மாதிரி."

சிவாஜினி மெஷினைத் தூக்கிப் பாத்தா. பிள்ளையள் மெல்பேர்னுக்குப் போன பிறகு பின்னேரத்தில சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில நிண்டு "நடக்க வாறீங்களோ" எண்டு கேக்கிறவ அவதான். "முழங்கால்" எண்டு ரீவியைப் பாத்துக்கொண்டு சொல்லுறவர் இவர்தான். அவ தனியப் போட்டு வருவா.

"அப்ப இந்த மெஷினுக்கு முழங்கால் நோகாது," எண்டா. "சரி, நானும் வாறன்."

"நீரேன் வீணா அலையிறீர்?"

"துணைக்குத் துணை வேண்டாமோ?"

அடுத்தநாளே பார்க்கைப் பாக்கிற கவுன்சிலுக்குப் போன் அடிச்சா. கணேசலிங்கம் நினைச்சது சனமில்லாத நேரம் போய், இழுபட்ட இடத்தில நாலு கிண்டு கிண்டிப்போட்டு வாறது.

"பெர்மிஷன் எல்லாம் என்னத்துக்கப்பா?"

"அது எங்கட வளவே? எல்லாற்றையும் பார்க். கேட்டுத்தான் தோண்டோணும்."

கேட்டு எடுத்தும் போட்டா. திறந்த புல்வெளியில மட்டும், சனிக்கிழமைகளில, கவுன்சில் சொன்ன முறைப்படி. அந்த முறையெல்லாத்தையும் தேவாரம் மாதிரிப் பாடமாக்கிக்கொண்டு, சனி விடிய ஃபிளாஸ்க்கும் மடக்குக் கதிரையுமா வெளிக்கிட்டா.

கணேசலிங்கம் நேர கயிறிழுத்த இடத்துக்கு நடந்தார்.

"எங்க போறீங்கள்?"

"இதில துவங்குவம்."

"ஏன், அதில என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாட்டில் ஒழுங்கா அந்தத் தொங்கலில இருந்து வருவம். கீலங்கீலமா, வரிசை வரிசையாப் பாத்தால்தான் ஒண்டும் விடுபடாது."

அந்தத் தொங்கலெண்டால், பார்க்கின்ர மற்றத் தலைப்பு. மோதிரம் விழுந்த இடத்துக்கு அங்கயிருந்து பாத்தால் பைனாகுலர் வேணும்.

பீப் எண்டுது. குனிஞ்சார்.

"பொறுங்கோ. ஹெட்போன். பக்கத்தில ஆக்கள் நடக்கினம்."

போட்டார். சின்ன மண்வெட்டியை ஓங்கினார்.

"பொறுங்கோ. மரத்தின்ர வேர் கிட்டவோ? இல்லை. சரி. மூண்டு பக்கம் வெட்டுங்கோ. நாலாவது பக்கம் பிணைச்சல் மாதிரி விடுங்கோ. கதவு மாதிரித் திறக்கோணும் புல்லு. மண்ணை விரிச்ச படங்குச் சீலையில போடுங்கோ. புல்லில கொட்டினால் புல்லுச் சாகும்."

கணேசலிங்கம் கதவைத் திறந்தார். உள்ளுக்க பியர்ப் போத்தல் மூடி.

"தூக்கி எறியாதேங்கோ. கண்டெடுத்த குப்பையைக் கொண்டுபோறதும் எங்கட கடமை." ஒரு பையை நீட்டினா. "இப்ப மண்ணைப் போட்டுக் கதவைப் பூட்டி, மிதிச்சு, தண்ணி ஊத்துங்கோ. நீங்கள் தோண்டின இடம் நாளைக்கு உங்களுக்கே தெரியக்கூடாது."

ஒரு போத்தல் மூடிக்கு ஒரு செத்தவீட்டுக் கிரியை அளவு வேலை. இப்பிடிப் போனால் அந்தத் தொங்கலிலயிருந்து இந்தத் தொங்கலுக்கு வரப் பேரப்பிள்ளையள் கலியாணம் கட்டிடும் எண்டு கணக்குப் போட்டார்.

கோடை முடிஞ்சுது. இலை கொட்டிச்சுது. பையில மூடி நிரம்பிச்சுது, கூடாரத்து ஆணி நிரம்பிச்சுது. பழைய காலத்துப் பியர் ரின் திறக்கிற வளையங்கள்தான் கூட. ஒவ்வொரு வளையமும் காதுக்க மோதிரம் மாதிரியே கூவும். ஒவ்வொருமுறையும் மனுசன்ர நெஞ்சு எயார்போட் வரைக்கும் போட்டு வரும்.

ஆனால் ஒரு வில்லங்கம் நடந்துகொண்டிருந்துது. வெள்ளிக்கிழமை பின்னேரமே கணேசலிங்கம் ஃபிளாஸ்க்கைக் கழுவி வைக்கத் துவங்கினார். மோதிரத்துக்குத்தான் எண்டு தனக்குத்தானே சொன்னார். அவவுக்கு முதுகு சாயிற மாதிரி வேற கதிரை ஒண்டும் வாங்கினார். அது மோதிரத்துக்கில்லை.

ஒருநாள் குளிரில தேத்தண்ணியை ஊத்திக் குடுத்துக்கொண்டு சிவாஜினி கேட்டா:

"போன் கார்ட் ஞாபகமிருக்கோ?"

"ஓம். சுரண்டி நம்பர் அடிக்கிறது."

"காசு முடியப்போக முதல் பீப் எண்டும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பயம். சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோம். நீங்கள் அவதிப்பட்டு ஒண்டுதான் சொல்லுவீங்கள்."

"என்ன சொல்லுவன்?"

"'நீர் வாரும். இஞ்ச ஒவ்வொரு சந்தியிலயும் ஒரு பார்க். பின்னேரத்தில ரெண்டுபேரும் நடப்பம்' எண்டு. பிறகு கட் ஆகிடும். நான் போனைப் பிடிச்சபடி கொஞ்சநேரம் நிப்பன். பார்க் எப்பிடி இருக்குமெண்டு யோசிப்பன்." தேத்தண்ணியை ஊதினா. "வந்து பாத்தால் பார்க் நிறைய இருந்துது. உங்களுக்கு ஓவர்டைமும் நிறைய இருந்துது."

கணேசலிங்கத்துக்குச் சொல்லிப்போடவேணும் போல இருந்துது. வாயைத் திறந்தார். சொன்னால் மெஷினுக்கு வேலையில்லை. சனிக்கிழமைக்கும் வேலையில்லை. வாயைத் தேத்தண்ணியால அடைச்சார்.

"இப்ப பீப் எண்டால் எனக்குப் பயமில்லை," எண்டா சிவாஜினி. "பீப் எண்டால்தான் நீங்கள் ஒரு இடத்தில நிக்கிறீங்கள்."

வசந்தம் வர, ரெண்டுபேரும் கயிறிழுத்த இடத்துக்கு வந்து சேந்தினம். பீப். மூண்டு பக்கம் வெட்டிக் கதவைத் திறந்தார். வளையமெண்டு நினைச்சுத்தான் நோண்டினார். மண்ணுக்க மஞ்சளா மினுங்கிச்சுது.

அவர் கைவைக்க முதல் சிவாஜினி எடுத்திட்டா. சீலைத் தலைப்பில துடைச்சா. வெய்யிலில பிடிச்சுப் பாத்தா.

"தங்கம்," எண்டா. "ஆரோ பாவம் துலைச்சுப்போட்டு நிக்குது."

கணேசலிங்கம் எட்டிப் பாத்தார். தன்ர மோதிரம். முன்னால நிக்கிறவ தன்ர மனுசி. 'என்ர' எண்டு சொல்ல வழியில்லை. விரலில அதே மாதிரி இன்னொண்டு பச்சையாச் சிரிக்குது.

"வடிவான மோதிரமெல்லே?"

"ம்."

"உங்கடையைப் போலவே கிடக்கு."

"எல்லா மோதிரமும் வட்டம்தானேப்பா."

"ஏதும் சொல்லப்போறீங்களோ?"

"இல்லை. வந்து... நாங்கள் வச்சிருந்தால் என்ன?"

"கணேசலிங்கம்." பேர் சொல்லிக் கூப்பிட்டால் நிலைமை மோசம். "பெறுமதியான சாமான் கண்டெடுத்தால் என்ன முறை?"

கணேசலிங்கம் நிலத்தைப் பாத்து ஒப்புவிச்சார். "பொலிசில குடுக்கோணும்."

பரமட்டா பொலிஸ் ஸ்டேசன் கவுண்டரில, தன்ர கலியாண மோதிரத்தைத் தன்ர கையால, ஆரோ துலைச்ச மோதிரமெண்டு குடுத்தார். கையை விட்டுப் போக மனமில்லை. பொலிஸ் பிள்ளை மெல்ல இழுத்துத்தான் வாங்கினது. பக்கத்தில சிவாஜினி அவரையே பாத்துக்கொண்டு நிண்டா. பேந்தும் ஒருக்கால் கேட்டா: "வேற ஏதும் சொல்ல இருக்கோ?"

"இல்லை."

பொலிஸ் பிள்ளை சொல்லிச்சுது: சொந்தக்காரர் வராட்டில் கொஞ்சக் காலத்தால கண்டெடுத்தவருக்கே கிடைக்கலாமாம்.

கணேசலிங்கத்தின்ர முகம் விளக்கு மாதிரி எரிஞ்சுது. சொந்தக்காரர் எப்பிடி வருவார்? சொந்தக்காரர்தானே இஞ்ச நிக்கிறார். மோதிரம் சட்டப்படி வீட்டுக்கு வரும், முலாம் குப்பைக்குப் போகும், பொய் தலை நரைக்கும். காரில வரேக்க விசிலடிச்சார். அண்டு பின்னேரம் கேக்காமலே முருங்கையிலை ஆய்ஞ்சார்.

கொஞ்ச நாளால போன் வந்துது. "குட் நியூஸ் சேர். ஓனர் வந்து எடுத்தாச்சு. உங்களுக்குப் பெரிய தாங்ஸ் சொல்லச் சொன்னவ."

"சொன்னவவோ?" எண்டு கேக்க முதல் கட் ஆகிட்டுது.

குசினிக்க ஓடினார். சிவாஜினி கீரை கழுவிக்கொண்டு நிக்கிறா. கழுத்துச் சங்கிலியில மோதிரம் தொங்குது.

"இது... எப்பிடி?"

"ஓனர் நான்தானே. என்ர தோடு. எயார்போட் படத்தைக் காட்டி முழுக்கதையையும் சொன்னன், எச்சில் தொட்டு ஏத்தினதைப் பாத்திட்டுப் பொலிஸ் பிள்ளை கண்ணைத் துடைச்சுக்கொண்டு தந்தது. படம் நஜிமுதீன் அனுப்பினவர்."

"நஜிமுதீன் நானாவோ? அப்ப உமக்கு எப்ப தெரியும்?"

"கயிறிழுத்தல் அண்டே. வெறும் விரலோட வந்து இராச்சாப்பாட்டுத் தட்டை வாங்கினீங்கள்."

"இழுபட்ட இடமும் தெரியுமோ?"

"பார்க்கில நிண்ட சனம் முழுக்கப் பாத்ததெல்லே. அதாலதானே மற்றத் தொங்கலில துவங்கினனான்."

கணேசலிங்கம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் நீங்கள் வெளிக்கிட்டிருப்பீங்களோ?" கீரையை உதறினா. "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லுவீங்களெண்டு பொலிஸ் ஸ்டேசன் வரைக்கும் பாத்தன்."

கணேசலிங்கம் எழும்பிக் குழாயைப் பூட்டினார்.

"சனிக்கிழமை..." எண்டார் கணேசலிங்கம். "இனி வரமாட்டீரோ?"

கீரை உதறின கை நிண்டுது. ஒரு சிரிப்பு வந்து, அடக்கி, திரும்பவும் உதறினா. "மெஷின் இல்லாமல் வருவீங்களெண்டால் வாறன். தினமும் பின்னேரம். நடக்கிற நடையைப் பாத்து மோதிரத்தை யோசிப்பம்."

"சரி," எண்டார். அவ எதிர்பாத்ததைவிட வேகமாச் சொல்லிப்போட்டார். உடனே மரியாதையைக் காப்பாத்த ஒண்டு கேட்டார்: "சாமானைக் கண்டெடுத்துக் குடுத்தவனுக்கு ஓனர் ஏதும் குடுக்கிற முறையில்லையோ?"

"இருக்கு. கையைத் தாங்கோ."

கணேசலிங்கம் பச்சை விரலை ஆசையோட நீட்டினார். சிவாஜினி முலாம் மோதிரத்தைக் கழட்டினா. பார்க் குப்பைப் பையைத் துளாவி, ஒரு பியர் ரின் வளையத்தை எடுத்து, எச்சில் தொட்டு, மெல்ல விரலில ஏத்திவிட்டா.

"அலுமினியம். பச்சை பிடிக்காது."